தலைக்கு மேலே சரக்கு

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மருமகள் நூர்சாத் வந்து காதோடு காதாகச் சொன்னபோது, புருல்சா தன் கடைக்குள் நின்று பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் ஆடியது, விழவில்லை. இருபத்தாறு வருடமாகப் பீங்கான் விற்பவள் அத்தனை சுலபமாகப் பீங்கானைக் கீழே போட்டுவிட மாட்டாள். மிச்சத்தையும் குடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“சுண்ணாம்புப் பட்டை ரெண்டா உடைஞ்சிருக்கா?”

“ரெண்டா. நடைபாதைப் பக்கம் பூசினதும் உடைஞ்சிருக்கு, ஆபா.”

“யாராவது கை பட்டு உடைஞ்சிருக்கும்.”

“அவ்வளவு உயரத்துக்கு யார் கை படும்?”

பதில் இல்லாத இடத்தில் அதட்டுவது புருல்சாவின் வழக்கம். இன்று அதற்கும் தெம்பு வரவில்லை.

எல்லாம் செவ்வாய்க்கிழமை தொடங்கியது. கடையின் இரும்புக் கதவு மேல் சட்டத்தில் இடித்துக்கொண்டு மூட மறுத்தது. மூன்று வருடத்தில் இது மூன்றாவது தடவை. பட்டறைக்காரர் வந்து வழக்கம்போல் கதவின் தலையில் ஒரு விரற்கடை அறுத்தார். அருகில் நின்ற நூர்சாத் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்: “ஆபா, இரும்புக் கதவு வளருமா?”

கட்டடப் பொறியியல் படித்த பெண் அவள். மகன் மிர்லானைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருடமாக இந்த அங்காடி வளாகத்தின் பராமரிப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மாமியாரையும் ஆபா என்பாள், பெற்ற தாயையும் ஆபா என்பாள். அதிகம் பேச மாட்டாள். அன்று மாமியாரை ஏணியில் ஏற்றி, பரணில் பீங்கான் பெட்டிகளை நகர்த்தி, கைவிளக்கை அடித்துக் காட்டினாள். நடு உத்திரத்தில் ஒரு விரிசல். அதன் குறுக்கே ஈரச் சுண்ணாம்பைப் பட்டையாகப் பூசி, மேலே தேதி எழுதினாள். நடைபாதைப் பக்கமும் ஒன்று பூசினாள். விரிசல் சும்மா இருந்தால் பட்டை அப்படியே இருக்கும். அசைந்தால் உடையும் என்றாள்.

நான்கே நாளில் உடைந்துவிட்டது.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது புருல்சா கணவரிடம் விரிசல் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். வளாகத்தை நிர்வகிக்கும் கெனேஷ்பெக் அதை நாளைய வானிலை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார். கோக்தலா வளாகத்தின் நான்காவது கட்டடம் ஞாயிற்றுக்கிழமை திறக்கிறது. அதற்கு முன்னால் சனிக்கிழமை நான்கு மணிக்கு ஊர்ப் பெரியவர்கள் வந்து ஆசி வழங்குவார்கள், அதுவும் வளாகம் பிறந்த இடமான, புருல்சாவின் கடை இருக்கும் முதல் வரிசையில். இருநூறு பேர். திங்கட்கிழமை ஆள் வரச் சொல்கிறேன், அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியாதே என்றார். எழுந்து கை துடைக்கும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“மேல சரக்கு வைக்கணும்னு சொன்னதே நீதானே?”

அது பொய்யாக இருந்திருந்தால் புருல்சா நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருடக் குளிர்காலத்தில், பிஷ்கெக்கின் கிழக்கே பேருந்து கடைசியாகத் திரும்பும் இடத்தில், அறுவடையாகாத சர்க்கரைக் கிழங்கு வயல்தான் கோக்தலா. சர்க்கரை ஆலை மூடிவிட்டது. நாடே ஒன்று போய் இன்னொன்று வந்திருந்தது. சம்பளம் மட்டும் எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை. ஆலையின் டிராக்டர் ஓட்டியான கெனேஷ்பெக், ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஆறு கண்டெய்னர் பெட்டிகளை இழுத்து வந்து வயலோரம் வரிசையாக வைத்தார். முதல் பெட்டியில் புருல்சா கிண்ணங்கள் விற்றாள். மிர்லான் வயிற்றில் ஏழு மாதம். சாயங்காலம் ஆனால் அத்தனை சரக்கையும் சறுக்குவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். விட்டுவிட்டுப் போனால் விடிவதற்குள் காணாமல் போகும்.

ஒரு நாள் பனியில் வழுக்கி விழுந்து எழுந்தவள், இந்தப் பெட்டியின் தலையில் இன்னொரு பெட்டியைத் தூக்கி வை என்றாள். கீழே கடை, மேலே கிடங்கு. ஒரு வருடத்தில் ஆறு பெட்டியும் பன்னிரண்டாயின. இரண்டு வருடத்தில் அறுபது. பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். நாரினிலிருந்தும் ஓஷிலிருந்தும் வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் அடுக்கினார்கள். மேலே சரக்கு நிறைந்திருந்தால் கீழே வியாபாரம் ஓடும் என்பது ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது.

கிழங்கு வயல் போன இடத்தில் அடுக்குமாடிகள் வந்தன. இரண்டாயிரத்து ஒன்பதில் பெட்டிகளை அகற்றி முதல் கட்டடத்தை எழுப்பினார்கள். பிறகு திரையரங்கோடு இரண்டாவது, பனிச்சறுக்குத் தளத்தோடு மூன்றாவது. நகரத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று கேட்பதை நிறுத்தியே பல வருடங்கள் ஆகின்றன.

முதல் கட்டடம் தயாரானதும் பழைய வியாபாரிகள் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். வழவழப்பான கூரை. நாற்பத்திரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: மேலே எங்கே? புருல்சா அவர்களை அழைத்துக்கொண்டு கணவரிடம் போனாள். இரண்டே வாரத்தில் நாற்பத்திரண்டு கடைக்கும் இரும்புப் பரண் வந்துவிட்டது, உத்திரத்திலிருந்து கம்பிகளில் தொங்கியபடி.

பழைய பெட்டி தன் பாரத்தைத் தன் நான்கு கால்களால் மண்ணில் இறக்கியது. இந்தப் பரணின் பாரமெல்லாம் உத்திரத்தின் மேல். உத்திரத்துக்குக் கணக்குப் போட்டபோது மாடித் தளத்தை மட்டும்தான் நினைத்திருந்தார்கள். அந்த வித்தியாசத்தை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. வரைபடம் போட்ட கிழட்டு எஞ்சினியர் அதற்குள் பிள்ளைகளோடு ஜெர்மனிக்குப் போய்விட்டிருந்தார். மாடித் தளத்தில் இப்போது குழந்தைகள் விளையாடும் கூடம் இருக்கிறது.

“எல்லாப் பரணும் இன்னிக்கே இறங்கணும், ஆபா,” என்றாள் நூர்சாத். “மேல கூடத்தையும் மூடணும். மாமாகிட்ட மருமக எதிர்த்துப் பேச முடியாது. நீங்கதான் பேசணும்.”

புருல்சா யோசித்தாள். பெரியவர்கள் வரும் நாளில் கணவரின் கட்டடம் விழப்போகிறது என்று ஊர்கூட்டிச் சொல்வதா? அவருடைய இருபத்தாறு வருட உழைப்பை அவளே தெருவில் போட்டு உடைப்பதா? வேண்டாம். அவளுக்கு வேறு வழி தோன்றியது. அவள் ஏற்றினாள், பார்த்து மற்றவர்களும் ஏற்றினார்கள். அவள் இறக்கினால், பார்த்து மற்றவர்களும் இறக்கமாட்டார்களா?

“முதல்ல என்னுது இறங்கட்டும். வாயத் திறக்காம காரியம் ஆகும், பாரு.”

நூர்சாத் ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள். அவள் அன்றைக்கு விழுங்காமல் இருந்திருக்கலாம்.

பத்து மணிக்கு இரண்டு கூலியாட்கள் தள்ளுவண்டியோடு வந்தார்கள். பெட்டி பெட்டியாகப் பீங்கான் இறங்கி நான்காவது கட்டடத்துக்குப் போனது. எதிர்க் கடை சாத்கின் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். சாத்கின் விற்பது பிலாவ் சோறு ஆக்கும் வார்ப்பிரும்புக் கொப்பரைகள். அவள் பேச்சும் ஏறக்குறைய அந்த எடைதான். புருல்சாவைவிட ஐந்து வயது மூத்தவள், அதனால் அவளுக்கு எஜே, அதாவது அக்கா. பெட்டிக் காலத்திலிருந்து பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள்.

“என்னடி, காலையிலயே குடி கிளம்புது?”

“சும்மாதான், எஜே. தூசி தட்டலாம்னு.”

“தூசி தட்ட நாலாவது கட்டடம் வரைக்கும் போகணுமா?” சாத்கின் குரலைத் தாழ்த்தினாள். “எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு, புருல்சா. ஏன் காலி பண்றே?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. கேட்டவளும் சொல்லத் தக்கவள்தான். புருல்சாவின் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது பார்த்துக் கெனேஷ்பெக்கின் உதவியாளர்கள் இருவர், ஆசி விழாவுக்கான கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வழியே வந்தார்கள்.

“புதுக் கட்டடத்துக்கு மாத்திக்கறேன், எஜே. அவ்வளவுதான்.”

சாத்கின் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குள் போய்விட்டாள். புருல்சாவுக்கு மனம் உறுத்தியது. ஆனாலும் சிக்கல் தீர்ந்ததென்றே நினைத்தாள்.

சாத்கினின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். தொண்ணூற்று ஆறில் சாத்கினின் கணவர் இறந்தபோது, அவள் சரக்கை எல்லாம் தள்ளிவிட்டு நாற்பதாம் நாள் படையலுக்காக நாரினுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் பெட்டியில் வேறு ஒருவருடைய பூட்டு தொங்கியது. காலியாகக் கிடந்தது, அதனால் எடுத்துக்கொண்டேன் என்றார் அவர், கூசாமல். பெட்டிக் கடைகளின் சட்டம் அதுதான்: சரக்கு இருக்கும் இடம் உன்னுடையது, காலி இடம் யாருடையதுமில்லை. அந்தப் பெட்டியை மீட்டுக் கொடுக்கக் கெனேஷ்பெக்குக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. அன்றிலிருந்து சாத்கின் தன் பரணில் ஒரு சாண் இடத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை.

அப்படிப்பட்டவள் கண்ணெதிரே நிர்வாகியின் மனைவி தன் இடத்தைத் தானே காலி செய்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

பன்னிரண்டு மணிக்குள் அர்த்தம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. முதல் கட்டடம் முழுவதும் ஏதோ வெளிநாட்டு அங்காடிக்குப் போகிறதாம். பழைய வியாபாரிகளுக்குப் புதுக் கட்டடத்தில் இடம் கிடைக்குமாம், ஆனால் எவ்வளவு சரக்கு வைத்திருக்கிறார்களோ அந்த அளவுக்குத்தானாம். நாளை திறப்பு முடிந்ததும் ஆட்கள் வந்து பரண்களைப் பார்வையிடுவார்களாம். சொன்னது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்துக் கடையைக் கைகாட்டினார்கள்.

புருல்சாவுக்கு இதெல்லாம் தெரியாது. குடும்பத்தின் மற்ற மருமகள்களை வைத்துக்கொண்டு, நான்காவது கட்டடத்தின் பின்புறம் கொதிக்கும் எண்ணெயில் மாவுத் துண்டுகளைப் பொரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கறி ஒரு பக்கம் வெந்தது. வந்தவர்கள் எல்லாம் அவள் அதிர்ஷ்டத்தைப் புகழ்ந்தார்கள். அவள் சிரித்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடியும் சிரித்தாள். மூன்றரை மணிக்குப் போன் அடித்தது.

“ஆபா, உடனே வாங்க,” என்றாள் நூர்சாத். “யாரும் இறக்கல. ஏத்திக்கிட்டிருக்காங்க.”

புருல்சா முதல் வரிசைக்குள் நுழைந்தாள். நடைபாதை முழுக்கத் தள்ளுவண்டிகள். வெளிக் கிடங்குகளிலும் வீட்டு நிலவறைகளிலும் இருந்த சரக்கெல்லாம் வந்து சேர்ந்திருந்தது. கடைக்குக் கடை ஏணி நின்றது. சுருட்டிய கம்பளங்கள் ஏறின. அரிசி மூட்டைகள் ஏறின. அரிசி விற்காத கடைக்குக்கூட அரிசி மூட்டை ஏறியது. சாத்கினின் பரணில் கொப்பரைக்குள் கொப்பரையாக அடுக்கி, மேலும் இரண்டு வண்டி வாசலில் காத்திருந்தது.

புருல்சா ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இறக்குங்கள், உத்திரம் விரிந்திருக்கிறது என்று மூச்சிரைக்கச் சொன்னாள். சுண்ணாம்புப் பட்டையைப் பற்றிச் சொன்னாள், கதவுகளைப் பற்றிச் சொன்னாள், உங்கள் கதவையும் அறுத்தீர்களா இல்லையா என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். அறுத்தோம் என்றார்கள். ஆனால் ஒருவரும் ஏணியை விட்டு இறங்கவில்லை.

“காலையில தூசி தட்டறேன்னே,” என்றாள் சாத்கின், ஏணியின் உச்சியிலிருந்து. “அப்புறம் இடம் மாத்தறேன்னே. இப்ப உத்திரம்ங்கறே. உன் பீங்கான் எல்லாம் பத்திரமாப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உத்திரம் விரிஞ்சுதா?”

“எஜே, காலையில நான் சொன்னது பொய்.”

“சரி. அப்ப இதுவும் பொய்யா இருந்துட்டுப் போகட்டும்.”

யாரோ சிரித்தார்கள். புருல்சாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. அழுகை வந்தது, அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. பத்து வருடம் இவர்களுக்கு முன்னால் நின்று, மேலே நிறைந்திருந்தால்தான் கீழே ஓடும் என்று சொன்னவள் அவள்தான். அதை நம்பியவர்கள் இதை எப்படி நம்புவார்கள்?

நூர்சாத்தின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். மாடிக்குப் போய்ப் பிள்ளைகளை வெளியேற்று, நான் சொன்னேன் என்று சொல் என்றாள். அந்தப் பெண் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

நூர்சாத் படியேறி மறைந்த சிறிது நேரத்தில் வெளிக்கதவு திறந்தது. வெள்ளைக் கம்பளித் தொப்பிகள் வரிசையாக உள்ளே வந்தன. முன்னால் கெனேஷ்பெக், புதுக் கோட்டில், தன் பெரியப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு. எண்பத்தாறு வயது அந்தப் பெரியவருக்கு. பின்னால் நகரத்து விருந்தாளிகள். வண்டிகளையும் மூட்டைகளையும் கண்டு கெனேஷ்பெக்கின் முகம் மலர்ந்தது. எங்கள் வியாபாரிகளின் செழிப்பைப் பாருங்கள் என்று விருந்தாளிகளிடம் சொன்னார்.

கம்பளம் விரித்திருந்தது நடு உத்திரத்துக்கு நேர் கீழே. பெரியவர் அதில் அமர்ந்தார். கெனேஷ்பெக் பக்கத்தில் அமர்ந்தார். விருந்தாளிகள் நெருக்கியடித்துச் சுற்றி நின்றார்கள். புருல்சா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கணவரின் கண்ணில் படும் இடத்துக்கு வந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டார்.

“மிர்லானோட அப்பா,” என்றாள். இன்னும் கொஞ்சம் உரக்க, “மிர்லானோட அப்பா, எல்லாரையும் வெளிய அழைச்சுட்டுப் போங்க” என்றாள். யாரோ ஒரு மைத்துனர் அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பெரியவர் உள்ளங்கைகளை வானம் பார்க்க ஏந்தினார். இருநூறு பேரும் ஏந்தினார்கள். சாத்கின்கூட ஏணியில் நின்றபடியே ஒரு கையை விட்டு ஏந்தினாள்.

“கெனேஷ்பெக்!”

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அந்தப் பெயரை அவள் தனியறையில்கூட உச்சரித்தது கிடையாது. அந்த வீட்டுக்கு வந்த எந்தப் பெண்ணும் வீட்டு ஆண்களின் பெயரைச் சொன்னது கிடையாது. பெரியவர்கள் ஆசிக்குக் கையேந்திய நேரத்தில், ஊர் பார்க்க, அவள் கணவனைப் பெயர் சொல்லி அழைத்திருந்தாள். ஒரு பெண் பைத்தியமாகியிருக்க வேண்டும், அல்லது உண்மையாகவே கூரை விழப்போக வேண்டும்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

முதலில் ஏணியை விட்டு இறங்கியவள் சாத்கின். புருல்சாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் வாசலில் நின்ற வண்டியை வெளிக்கதவை நோக்கித் தள்ளத் தொடங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். ஏணிகள் காலியாயின. விருந்தாளிகள் மரியாதையை மறந்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நடந்தார்கள். பேரன் ஒருவன் தூக்கிவிட, பெரியவர் எழுந்தார். ஆசி முடிந்ததற்கு அடையாளமாக முகத்தைத் தடவிக்கொள்ளாமலே கைகளைக் கீழே இறக்கினார். ஆசியை முடிக்காமல் ஒரு பெரியவர் கையை இறக்கி அங்கே யாரும் பார்த்ததில்லை.

“உக்காருங்க, பெரியப்பா,” என்றார் கெனேஷ்பெக். “எல்லாரும் உக்காருங்க. அவளுக்கு உடம்பு சரியில்ல.”

புருல்சாவின் போன் அடித்தது.

“கூடத்தை மூட மாட்டேங்கறாங்க, ஆபா. இன்னிக்கு யார் சொன்னாலும் எதையும் மூடக்கூடாதுன்னு மாமாவே காலையில உத்தரவு போட்டிருக்காராம். அவர் வாயால சொன்னாத்தான் புள்ளைங்கள அனுப்புவாங்களாம். முப்பத்தேழு புள்ளைங்க இருக்காங்க. பொறந்தநாள் விழா நடக்குது.”

புருல்சா கம்பளத்தின் மேல் ஏறி நடந்து, கணவருக்கு எதிரே மண்டியிட்டாள். கோபம் எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வயலோரம் ஆறு பெட்டிகளை இழுத்து வந்து நிறுத்திவிட்டு, இதோ பார் என்று சிரித்த மனிதர். போனை அவர் முன்னால் நீட்டினாள்.

“ஒரே ஒரு வார்த்தை. மேல முப்பத்தேழு புள்ளைங்க.”

அவர் அந்தப் போனைப் பார்த்தார். உள்ளே நூர்சாத், மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை வாங்க வேண்டுமென்றால் ஆசிக்காக ஏந்தியிருந்த கைகளை அவரும் பாதியில் இறக்க வேண்டும். அவற்றை அவர் இன்னும் இறக்கவில்லை.